கேம்ப் ரோடு வருவதற்குள்

முதல் தடவை ரத்தத்தைப் பார்த்தபோது மூலம் என்றுதான் நினைத்தேன். ப்ளஸ் டூவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் நான். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் வேலை. டாய்லெட் போக நேரம் கிடைக்காது என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டவர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கெல்லாம் வந்தது எனக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று கருணைக்கிழங்கு வாங்கிச் சமைத்தேன். துத்தி இலையைப் பறித்துவரச் சொல்லி, மோரில் அரைத்துக் குடித்தேன். கணவரிடம் சொல்லவில்லை. ஏழு மாதம் சொல்லவில்லை. பதினாறு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம், அவருக்கு எந்தச் சட்டையில் எந்தப் பொத்தான் தளர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் இதைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. வீட்டில் குழந்தைக்குச் சொல்லும் வார்த்தை ஒன்று இருக்கிறது, திட்டும்போது சொல்வது ஒன்று இருக்கிறது. நாற்பது வயதுப் பெண்ணொருத்தி புருஷனிடம் உட்கார்ந்து நிதானமாகச் சொல்வதற்கு என்ன வார்த்தை இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையில் மயங்கி விழுந்தேன். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். உடம்பில் ரத்தம் பாதிதான் இருக்கிறது என்றார்கள். பிறகு குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் என்னைவிடச் சின்னவர். கம்ப்யூட்டர் திரையில் என் குடலை எனக்கே காட்டினார். சிவந்து, தோல் உரிந்து, அங்கங்கே கசிந்துகொண்டிருந்தது. பெருங்குடலில் புண், உடம்பே தன் குடலைத் தாக்குகிற நோய், ஏன் வருகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார். எப்போது குணமாகும் என்று என் கணவர் கேட்டார்.

"இது போகாது சார். அடக்கி வெச்சுக்கலாம்."

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது என் கணவர், யார் கேட்டாலும் வயிற்றில் அல்சர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. ஆகவே ஊருக்கு நான் அல்சர்காரி ஆனேன். காரம் சேர்க்காதே என்றார்கள், வெண்பூசணிச் சாறு குடி என்றார்கள், நேரத்துக்குச் சாப்பிடாததால்தான் வந்தது என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மற்றவர்கள் அவசரம் என்று சொல்வதற்கும் இந்த நோயில் அவசரம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. மற்றவர்களுக்கு வயிறு முன்கூட்டியே தகவல் சொல்லும். அரை மணி, ஒரு மணி தள்ளிப்போடலாம். எனக்கு இரண்டு நிமிஷம். சில நாள் அதுவும் கிடையாது. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை. அதனால் வீடு இருக்கும் இரும்புலியூரிலிருந்து மேடவாக்கம் வரை எங்கெங்கே கதவு திறக்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தேன். தாம்பரம் ஸ்டேஷன் கட்டணக் கழிப்பறை, சேலையூர் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க், மேடவாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் தரைத்தளம், அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. கல்யாண மண்டபங்களில் முகூர்த்த நாளென்றால் பட்டுப்புடவை கட்டியிருப்பவளை யாரும் தடுக்க மாட்டார்கள். பட்டுப்புடவை கட்டாத நாளில் தடுத்தார்கள்.

பெரியவர்கள் போடும் டயபர் வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போனபோது, கடைக்காரர் சைஸ் கேட்டுவிட்டு, "மாமியாருக்கா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். என் மாமியார் அப்போது தஞ்சாவூரில் தினமும் இரண்டு கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தார். அதன் பிறகு மாதாமாதம் அந்தக் கடைக்காரர் மாமியாரின் உடல்நிலையை விசாரித்தார். நானும் இப்போது பரவாயில்லை, இந்த மாதம் கொஞ்சம் மோசம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னது அவர் ஒருவரிடம்தான் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடம் மேடவாக்கத்தில். என் மகளும் அங்கேதான் படித்தாள். இருவரும் ஸ்கூல் பஸ்ஸில் போய் வந்தோம். ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டிருந்தவள்தான் நான், மயக்கம் வந்த பிறகு டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். காலையில் ஒன்றும் சாப்பிட மாட்டேன். மதியம் இரண்டு வாய் தயிர்சாதம். கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறி முடிப்பதற்குள் இரண்டு தடவை டாய்லெட் போய்விட்டு வருவேன். டீச்சர் எப்பவும் லேட் என்று டிரைவர் சிரிப்பார். இப்படி ஒன்றரை வருஷம் ஓட்டினேன். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

அந்த நாள் ஐப்பசி மழை. ஒரு வாரமாகவே நோய் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்திருந்தார். முகம் வீங்கிப்போகிறது, எலும்பு தேய்கிறது என்று நான்தான் குறைக்கச் சொல்லியிருந்தேன். கட்டிக்கொண்டு போயிருந்த டயபர் ஐந்தாவது பீரியடிலேயே வீணாகிவிட்டது. பையில் எப்போதும் மாற்று ஒன்று இருக்கும். அன்றைக்கு இல்லை. முந்தின நாளே அதைப் பயன்படுத்திவிட்டு, வேறு வைக்க மறந்திருந்தேன். முக்கால் மணிதானே, வயிற்றில் ஒன்றும் இல்லையே என்று ஏறினேன்.

வெளியே மழை என்பதால் ஜன்னல்களெல்லாம் மூடியிருந்தன. நாற்பது பிள்ளைகள். நான் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில். என் மகள் எனக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம், தன் சிநேகிதியோடு. ஒன்பதாம் வகுப்பு. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் வயதை அவள் தாண்டியிருந்தாள். செம்பாக்கம் தாண்டியதும் பஸ் நின்றது. மழைநீர்க் கால்வாய்க்காக ரோட்டோரம் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள், முன்னால் ஒரு தண்ணீர் லாரி பழுதாகி நின்றுவிட்டது. கால் மணி நேரம் அசையவில்லை. கேம்ப் ரோடு தாண்டிவிட்டால் பெட்ரோல் பங்க் இருக்கிறது, அதுவரை, அதுவரை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அடிவயிற்றில் அந்த முறுக்கல் வந்தது.

எழுந்து டிரைவரிடம் போய், இறங்கிக்கொள்கிறேன், கதவைத் திறங்க அண்ணா என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே திறந்தார். படிக்குக் கீழே தரை இல்லை. தோண்டிய பள்ளம், ஆளுயரத்துக்கு, கலங்கல் தண்ணீர், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். அந்தப் பக்கம் போக வழியே இல்லை. டிரைவர் தன் பக்கத்துக் கதவு வழியாக இறங்கச் சொல்லி எழுந்து வழிவிட்டார். நான் திரும்பினேன். என்ஜின் மூடியைத் தாண்டிப்போக ஒரு காலைத் தூக்கினால் போதும். தூக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், பள்ளிக்கூடத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன், அது நடந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சூடு கால் வழியாக இறங்கிச் செருப்புக்குள் போனது. வெளிர்நீலக் காட்டன் புடவை. சத்தமும் கேட்டிருக்கும். முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரு சின்னக் குழந்தை, யூகேஜியோ ஒன்றாவதோ, "மிஸ், நாத்தம் வருது" என்று என்னிடமே புகார் சொன்னது. பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மழை உள்ளே அடித்தாலும் பரவாயில்லை என்று ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் என் மகளைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவள் சிநேகிதி வாயில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் மகள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கழுத்து சிவந்திருந்தது. அவள் திரும்பவே இல்லை.

பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கடைசி சீட்டிலிருந்து வந்தார். கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர், மீன் விற்றுக்கொண்டிருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். ஐம்பது வயதிருக்கும். அதுவரை என்னை 'நீங்க' போட்டுத்தான் பேசுவார்.

"இன்னா டீச்சர், ஒடம்புக்கு முடியலையா? ஒண்ணும் ஆவல. கம்பிய வுடாத, அப்டியே நில்லு."

தோளில் இருந்த பெரிய துண்டை எடுத்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். பிள்ளைகள் பக்கம் திரும்பி, உடம்பு சரியில்லாதவர்களை முறைத்துப் பார்க்கக் கூடாது, அவரவர் வேலையைப் பாருங்கள் என்று ஒரு அதட்டல். தரையில் பழைய பேப்பரைப் போட்டு மூடினார். முகம் சுளிக்கவில்லை. சுளித்தாரா என்றுதான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

லாரியை நகர்த்த இன்னும் பத்து நிமிஷம் ஆனது. பள்ளம் முடிந்த இடத்தில் டிரைவர் ஓரங்கட்டினார். ஆயா என்னோடு இறங்கினார். எதிரே ஒரு அடுக்குமாடி. வாட்ச்மேனிடம் கேட்டார். அசோசியேஷன் ரூல்ஸ், வெளியாட்களுக்குத் திறக்க முடியாது என்று அவர் சொன்னார், சொல்லும்போதே இரண்டடி பின்னால் போய்விட்டார். ஆயா அவரோடு சண்டை போட ஆரம்பித்தார். வேண்டாம் வாங்க என்று நான் இழுத்தேன். பக்கத்துச் சந்தில் வரிசை வீடுகள். ஒரு பெண் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தவள், ஒன்றும் கேட்காமல் பின்பக்கத்துக் கழிப்பறையைக் காட்டினாள். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்தாள். ஒரு பழைய நைட்டியைக் கதவின் மேலே போட்டாள். உள்ளே நான் கழுவிக்கொண்டிருக்கும்போது ஆயா வெளியே அந்தப் பெண்ணிடம் எனக்குப் பேதி என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

பஸ் காத்துக்கொண்டிருந்தது. நீங்க போங்க, நான் ஆட்டோவில் வந்துவிடுகிறேன் என்று ஆயாவை அனுப்பினேன். புடவையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தியின் நைட்டியைப் போட்டுக்கொண்டு, நான் வீடு வந்து சேர்ந்தபோது என் மகள் எனக்கு முன்னால் வந்து, குளித்து, தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. பிள்ளைகள் முக்கால் மணி தாமதம், சுகாதாரக் கேடு, தொற்று நோயாக இருந்தால் யார் பொறுப்பு. என் பெயரை யாரும் போடவில்லை. 'ஒரு ஆசிரியை' என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஐந்தாறு பேர் மூக்கைப் பொத்துகிற படம் போட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னிடம் தன் பையனுக்குத் தனியாகக் கணக்குச் சொல்லித்தரக் கேட்டு வீட்டுக்கு வந்தவள்.

பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார். மிக மரியாதையாகப் பேசினார். உட்காருங்க என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி நாற்காலியைப் பார்த்தார். தொற்று நோய் இல்லை என்று டாக்டர் சீட்டைக் காட்டினேன். முதல் தடவையாக நோயின் உண்மையான பெயரை ஒரு வெளியாளிடம் சொன்னேன். தரைத்தளத்தில் டாய்லெட் பக்கத்தில் வகுப்பு கொடுத்தால் போதும், நடுவில் இரண்டு நிமிஷம் வெளியே போக அனுமதி வேண்டும் என்று கேட்டேன், பஸ்ஸில் வர மாட்டேன் என்றும் சொன்னேன். ப்ளஸ் டூ போர்டு கிளாஸ், நடுவில் எழுந்து போனால் பேரன்ட்ஸ் கேட்பார்கள் என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். போகச் சொல்கிறார் என்று புரிந்தது. ஆனாலும் விட்டுக்கொடுப்பதில்லை என்றுதான் வீட்டுக்கு வந்தேன். சண்டை போடலாம் என்று என் கணவரும் சொன்னார்.

என் மகள் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. தலைவலி என்றாள். நான்காவது நாள், நான் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அம்மா, நீ வேற ஸ்கூலுக்குப் போயேன்."

நான் மாவைப் பார்த்துக்கொண்டே சரி என்றேன். அவளை அடித்திருக்கலாம், கட்டிப்பிடித்திருக்கலாம், இரண்டுக்கும் கையில் மாவு. அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று போட்டேன். பன்னிரண்டு வருஷ வேலை.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கேட் பக்கத்தில் ஆயா இருந்தார். அவருக்காக வாங்கியிருந்த புதுத் துண்டைக் கொடுத்தேன். எதுக்கு டீச்சர் என்று வாங்கிக்கொண்டார். உங்களுக்கு எப்படி அருவருப்பே வரவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

"எங்க வூட்டுக்காரரு சாவறதுக்கு முன்ன ஒரு வருசம் இப்டித்தான் டீச்சர். எல்லாம் நான்தான். பயகிப் போச்சி."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்த 'சாவறதுக்கு முன்ன' மட்டும் காதில் இருந்தது.

வேறு பள்ளிக்கூடத்துக்கு நான் போகவில்லை. பம்மலில் ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். வேலைக்கு முன்னால் நோயைப் பற்றிச் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டிலேயே டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன். முன்னறையில் ஆறு பிள்ளைகள், பாத்ரூம் எட்டடி தூரத்தில். நடுவில் எழுந்து போவேன். திரும்பி வரும்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. புது மருந்து ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை என்பது ஐந்தாகியது, நான்காகியது. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. என் அக்கா மகளின் வளைகாப்பைக்கூட வீடியோவில்தான் பார்த்தேன்.

மகளும் நானும் சண்டை ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவள் என்னோடு வெளியே வருவது நின்றுபோனது. வீட்டில் இரண்டு பாத்ரூம். நான் போகும் பாத்ரூமில் அவள் கால் வைக்க மாட்டாள். நான் தொட்ட சோப்பைத் தொட மாட்டாள் என்றுகூட நினைத்துக்கொண்டேன். சாப்பாடு குறைந்தது. சிநேகிதிகளோடு பானிபூரி சாப்பிடப் போவதை நிறுத்தினாள். தயிர்சாதம் போதும் என்பாள். என்மேல் உள்ள அருவருப்பில் சாப்பாடே இறங்கவில்லை என்று நான் முடிவுகட்டிவிட்டேன். இரண்டு வருஷம் அப்படி நினைத்துக்கொண்டே அவளுக்குச் சாப்பாடு போட்டேன்.

அவள் ப்ளஸ் ஒன் படிக்கும்போது, காலாண்டுப் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் என் அறைக்கு வந்தாள். அப்பா வேலைக்குக் கிளம்பிப் போகும்வரை காத்திருந்திருக்கிறாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, உனக்கு ரத்தம் வந்தப்ப எப்படி இருந்துச்சு? செகப்பா வந்துச்சா, கருப்பாவா?"

உனக்கு என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். மூன்று நாளாக வயிற்றுவலி, ரத்தம் மாதிரி ஒன்று தெரிந்தது, பீட்ரூட் சாப்பிட்டதாலா என்று தெரியவில்லை என்றாள். பிறகு ஓடிப்போய் ஒரு கணக்கு நோட்டை எடுத்து வந்தாள். ஒன்பதாம் வகுப்பு நோட்டு. அதன் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு, ஒவ்வொரு தேதிக்கும் நேரே ஒரு எண், ஒரு குறி. எத்தனை தடவை போனாள், எப்படி இருந்தது. பஸ்ஸில் அது நடந்து இரண்டாம் நாளிலிருந்து ஆரம்பித்திருந்தாள். ஒரு நாள் விடவில்லை. பக்கம் பக்கமாக. என் மருந்துச் சீட்டில் இருந்த நோயின் பெயரைத் தேடி, அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்று இன்டர்நெட்டில் படித்திருக்கிறாள். என் பாத்ரூமுக்கு வராதது, பானிபூரி வேண்டாம் என்றது, தயிர்சாதம் எல்லாம் அந்தப் பயத்தில்தான்.

"எனக்கும் வருமா?"

வராது என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அல்சர் என்று சொல்லிச் சொல்லி எங்கே வந்து நின்றோம் என்று எனக்குத் தெரியும். அதனால், வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை, முக்கால்வாசிப் பேருக்கு வருவதில்லை என்றுதான் டாக்டர் சொன்னார், ஆனால் வரவே வராது என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். அவள் என் மடியில் படுத்து அழுதாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் தலையின் எடை. நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் ரத்தத்திலிருந்து. வார்த்தை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சாதாரண வார்த்தைகளே போதுமாக இருந்தன.

அன்றைக்கே அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம், மலம் எல்லாம் பரிசோதித்தார்கள். நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. புண் இருப்பதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. பரீட்சை பயம், பட்டினி, பீட்ரூட். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அந்த 'இப்போதைக்கு' என்பதை அவள் கவனித்தாள். நானும் கவனித்தேன்.

நோட்டில் எழுதுவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். தூக்கிப் போட்டுவிட்டேன் என்றாள். மனதுக்குள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று தெரியும். பஸ்ஸைப் பற்றி மட்டும் அன்றைக்கும் நாங்கள் பேசவில்லை, இதுவரை பேசிக்கொள்ளவில்லை.

இன்றைக்குக் காலையில் அவள் பாத்ரூமிலிருந்து வெளியே வர வழக்கத்தைவிட நேரமானது. நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒண்ணுமில்லம்மா என்றாள். அடுப்பை மறுபடி பற்றவைத்தேன்.